நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம்

ஆயன்குளத்துக் கிணற்றை நான் முதலில் பார்த்தது டிவியில்தான். திசையன்விளையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய் இறங்கிவிடலாம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவளுக்கு அப்படி ஒரு கிணறு பக்கத்தில் இருப்பது தெரியாது. 2021 கடைசியில் பெய்த மழையில் குளங்கள் பெருகின. மிஞ்சிப் போன தண்ணீரை அந்தக் கிணற்றுக்குள் திருப்பிவிட்டார்கள். ஓடையே தலைகீழாக விழுவது போல விழுந்தது. ஒரு நாள் விழுந்தது, ஒரு வாரம் விழுந்தது, அதற்கு மேலும் விழுந்தது. கிணறு நிரம்பவே இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். 'அதிசயக் கிணறு' என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழையும் முன்பே கேள்வி வந்தது. "டீச்சர், அந்தத் தண்ணி எங்க போவுது?"

பாடப்புத்தகத்தில் நிலத்தடி நீர் என்று ஒரு படம் உண்டு. மேலே மண், நடுவில் நீலக் கோடு, கீழே பாறை. அந்தப் படத்தை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. உவரிக் கடலுக்குப் போகிறது என்றான் ஒருவன். திருச்செந்தூர் வரை குகை இருப்பதாகத் தன் தாத்தா சொன்னார் என்றான் இன்னொருவன். சென்னை ஐஐடியிலிருந்து ஆட்கள் வந்து ஆராய்ந்த பிறகுதான் விஷயம் தெளிந்தது. இந்தப் பகுதியில் நிலத்துக்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். காற்றில் இருக்கும் கரியமில வாயு மழைநீரில் கரைந்து அதை லேசான அமிலமாக்கும். அந்த அமிலம் காலங்காலமாகக் கல்லை அரித்து, பொந்தும் குழாயுமாக வழி உண்டாக்கிவிடும். கிணறு அப்படி ஒரு வழியின் வாயில் உட்கார்ந்திருக்கிறது.

இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க அமிலப் புட்டியெல்லாம் தேவைப்படவில்லை. பனையேறுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. பதநீர் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது எதற்கு என்று கேட்டால், "புளிக்காம இருக்க" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். சுண்ணாம்பும் புளிப்பும் எதிரிகள் என்பது அவர்களுக்கு வீட்டுப்பாடம். உடைத்த சுண்ணாம்புக்கல்லின் மேல் அரை எலுமிச்சையைப் பிழிந்தோம். சின்னச் சின்னக் குமிழாக நுரைத்தது. "கல்லு கொதிக்கி டீச்சர்" என்றாள் ஒருத்தி. இதே வேலையை லட்சக்கணக்கான வருஷம் செய்தால் குகை வராதா?

கிணற்றின் வீடியோவை நான் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தேன். அன்று ராத்திரியே யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "ரீச்சர், இது எங்கட நிலாவரை மாதிரியெல்லோ கிடக்கு!"

அவள் என்னிடம் படித்தவள். எங்கள் மாவட்டத்து அகதி முகாம் ஒன்றிலிருந்து பள்ளிக்கு வந்தவள். போர் முடிந்து சில வருஷம் கழித்துக் குடும்பத்தோடு ஊர் திரும்பினாள். இப்போது புத்தூர்ப் பக்கம் ரியூசன் வகுப்பு நடத்துகிறாள். இங்கே இருந்தவரை 'டீச்சர்' என்று கூப்பிட்டவள், அங்கே போனதும் எழுதும்போதும் பேசும்போதும் 'ரீச்சர்' ஆக்கிவிட்டாள். முதலில் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

நிலாவரை, புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆழக் கிணறு. பார்த்தால் கிணறு என்பதைவிடச் சின்னக் கேணி மாதிரி இருக்கும். வற்றாது. மேல்தண்ணீர் நன்னீர், ஆழத்தில் உப்பு. வானரப் படையின் தாகம் தீர்க்க இராமர் அம்பு விட்ட இடம் என்று கதை உண்டு. அதில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டால், அது நிலத்தடியிலேயே போய்க் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்றும் சொல்வார்கள். கீரிமலை வடக்குக் கடற்கரையில் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட அங்கே கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு, அதுவும் மழைக்கு மட்டும். குடிக்க, குளிக்க, வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்க எல்லாவற்றுக்கும் கிணறுதான்.

திசையன்விளையும் அப்படித்தானே. தாமிரபரணி எங்கள் மாவட்டத்து ஆறு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அதன் பாசனம் எங்கள் செம்மணல் மேட்டுத் தேரிக்கு வந்ததில்லை. நம்பியாறு ஒரு பக்கம், கருமேனியாறு ஒரு பக்கம், ரெண்டும் மழை பெய்தால்தான் ஆறு. செம்மண் தேரியில் விழுகிற மழை நின்று ஓடாமல் அப்படியே உள்ளே இறங்கிவிடும். தெற்கே போகப் போகக் கிணற்றுத் தண்ணீர் உப்பேறும். பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பார்ப்பார்கள் என்று என் மாமியார் சொல்வார். மரியாதைக்காகக் குடிப்பதில்லை அது.

"ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் கிணறு அளக்கச் சொன்னால் என்ன?" என்று கேட்டாள் அவள். அப்படித்தான் தொடங்கியது. முறையாகச் செய்யலாமென்று ஒரு அலுவலகத்தில் விசாரித்தேன். வெளிநாட்டுத் தொடர்பு என்றால் கோப்பு மேலே போக வேண்டும் என்றார்கள். கோப்பு போகட்டும், நாம் கிணற்றுக்குப் போவோம் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை ஏழு மணி. இங்கே ஏழு கிணறு, அங்கே ஏழு கிணறு. ஒரு டிடிஎஸ் மீட்டர், ஒரு வெப்பமானி, முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டிய ஒரு கல். கயிறு தண்ணீர்மட்டம் பார்க்க.

முதல் சனிக்கிழமையே எங்கள் பிள்ளைகள் குதித்தார்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் எல்லாம் எங்களைவிட ரெண்டு மடங்கு உப்பு! "பாவம் டீச்சர், அவங்க எப்படிக் குடிக்காங்க?" என்று ஒரு பெண் கண்கலங்கிவிட்டாள். மூன்று வாரம் கழித்துத்தான் பிடிபட்டது. எங்கள் மீட்டர் காட்டியது, ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று. அவர்கள் மீட்டர் காட்டியது, தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று, மைக்ரோசீமன்ஸ் கணக்கில். ஒரே தண்ணீரை அளந்தாலும் ரெண்டாவது எண் கிட்டத்தட்ட ஒன்றரையிலிருந்து ரெண்டு மடங்கு வரை பெரிதாக வரும். தப்பு என்னுடையது, முதலிலேயே அலகைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தப்பால் பிள்ளைகள் கற்றுக்கொண்டதை நான் ஒரு வருஷம் கரும்பலகையில் எழுதினாலும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. அதற்குப் பிறகு யார் எந்த எண்ணைச் சொன்னாலும் "எதுல?" என்று கேட்பார்கள். கடைக்காரரிடம்கூட.

மொழி இன்னொரு வேடிக்கை. ரெண்டு பக்கமும் தமிழ்தான், அறிவியல் பாடத்துக்கு வந்தால் மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது. நம் ஆக்சிஜன் அங்கே ஒட்சிசன். ஹைட்ரஜன் ஐதரசன். கார்பன் டை ஆக்சைடு என்று நம் பிள்ளைகள் எழுதியதை அங்கே காபனீரொட்சைட்டு என்று திருத்தி அனுப்பினார்கள். கால்சியம் கார்பனேட், கல்சியம் காபனேற்று. நைட்ரேட், நைத்திரேற்று. ஒரு பையன் நோட்டில் ரெண்டு பத்தி போட்டு அகராதியே தயாரித்தான். எனக்கென்னவோ அந்தப் பக்கத்துச் சொற்கள்தான் காதுக்குத் தமிழாகப் பட்டன. சொன்னால் இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள்.

நைட்ரேட் பேச்சு சும்மா வரவில்லை. யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் பழைய நோய் அது. தோட்டத்தில் போடுகிற உரமும் கக்கூஸ் குழிக் கழிவும் சுண்ணாம்புக்கல் பொந்து வழியே நேரே தண்ணீருக்குப் போய்விடும். இடையில் வடிகட்ட மண் போதாது. சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, ஊரே பவுசர் என்கிற தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற கதையையும் அவள் சொன்னாள். இதைக் கேட்டபோதுதான் எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி ஆயன்குளத்தைப் பற்றி வேறொரு கேள்வி கேட்டாள். "அப்போ குளத்துத் தண்ணில அழுக்கு இருந்தா, அதுவும் சர்ருன்னு போயிருமே டீச்சர்?" அதிசயக் கிணற்றைப் பற்றி எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். என் காதில் விழுந்ததில் மிக நல்ல கேள்வி இதுதான். அதைக் கேட்க வைத்தது ஐந்நூறு அடி போர் போடுகிற நம்மூர் அனுபவம் இல்லை, கடலுக்கு அந்தப் பக்கத்துச் செய்தி.

அழுக்கைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு மலிவான வித்தை இருந்தது. ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனை என்பார்கள். மருந்து தோய்த்த காகிதத் துண்டு போட்ட சின்னப் புட்டி. அதில் தண்ணீரை ஊற்றி ஒரு ராத்திரி வைத்தால், மலக்கழிவுக் கிருமி இருந்தால் மறுநாள் கருத்துவிடும். 1982இல் குவாலியரில் இருக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள் மாஞ்சா, மௌரியா, ராவ் மூவரும் வெளியிட்ட முறை இது. ஆய்வகம் இல்லாத ஊர்களில் உலகம் முழுக்க இன்றைக்கும் பயன்படுகிறது. புட்டி வெதுவெதுப்பான இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குளிர்நாடுகளில் அதற்குத் தனிப் பெட்டி வேண்டும். எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் அறை பீரோ மேலே வைத்தோம். எங்கள் வெயிலுக்கு அது போதும். கருத்த புட்டியைத் தூக்கிக் காட்டியபோது தலைமையாசிரியர் கேட்டது, "இது எந்தக் கிணறு? நான் குடிக்கிறதா?"

2022 ஜூனில் அங்கிருந்து எண்கள் வருவது நின்றது. இலங்கையில் பெட்ரோல் இல்லை, மின்சாரம் இல்லை, பள்ளிக்கூடங்களையே மூடிவிட்டார்கள். "ரீச்சர், பெற்றோலுக்கு லைன்ல நிக்கிறம். ரெண்டு கிழமை பொறுங்கோ, பிள்ளைகள் சைக்கிள்ல போய் அளந்துகொண்டு வருவினம்." எங்கள் பிள்ளைகளுக்கு இது ஒரு செய்தியாக இல்லாமல், அட்டவணையில் காலியாக விடப்பட்ட மூன்று வரிசையாக நின்றது. அந்தக் கட்டங்களில் எதையும் எழுதக் கூடாது, கோடு போட்டு விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

பிள்ளைகள் தண்ணீரை அளந்து நாடு விட்டு நாடு பேசிக்கொள்வது நாங்கள் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. 1984இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் ஊரில், ஹூரான் ஆற்றில் பாய்மரப் பலகை விளையாடிய மாணவர்கள் சிலருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆற்றங்கரையிலேயே இருந்த உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் ஸ்டாப்பின் துணையோடு தண்ணீரைச் சோதித்தார்கள். மழை பெய்தால் கழிவுநீர்க் கிருமி ஏறுவது தெரிந்தது. அங்கிருந்து கிளைத்த 'கிரீன்' என்ற ஆற்று வலையமைப்பு 1989இல் உருவாகி, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் பள்ளிகளைத் தொட்டது. 1995இல் 'குளோப்' திட்டம் வந்தது. வெப்பம், அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், தெளிவு என்று எதை எப்படி அளப்பது என்பதற்கு ஒரே விதிமுறை வைத்து, பிள்ளைகளின் எண்களை ஒரே இடத்தில் சேர்க்கிறார்கள். இந்தியா 2000இல் அதில் சேர்ந்தது. எங்கள் ஆற்றுக்கு மேலே மணிமுத்தாறில், ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மையம் 2011 முதல் ஆண்டுதோறும் நடத்தும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் மாணவர்கள் உண்டு.

நம் மாநில அரசே பிள்ளைகளைப் பின்லாந்து, சுவீடன், துபாய் என்று அழைத்துப் போயிருக்கிறது. நல்லதுதான், விமானம் ஏறிய பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் போகிறவர்கள் சிலர், போய்ப் பார்ப்பது அவர்கள் ஊரை. பரிமாற்றம் என்றால் நம் கையிலும் ஏதாவது இருக்க வேண்டாமா? எங்கள் பிள்ளைகள் கையில் ஏழு கிணறு இருந்தது.

ரெண்டு பக்கத்தையும் ஒன்றாக்கிய பாடம் ஒன்று உண்டு. கடலோரத்தில் நல்ல தண்ணீர் எப்படி நிற்கிறது? உப்புத்தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் லேசு. அதனால் நிலத்துக்குள் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நல்ல தண்ணீர் இருக்கும். 1880களின் கடைசியில் டச்சுக்காரர் பாடன் கைபனும், 1901இல் ஜெர்மானியர் ஹெர்ட்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு இது. அதைத் திருப்பிப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். மோட்டார் போட்டு மட்டத்தை ஓரடி இறக்கினால், அடியில் உப்பு நாற்பதடி மேலே ஏறிவரும். நிலாவரையில் மேலே நன்னீர், கீழே உப்பு என்பது இதுதான். உவரிப் பக்கத்துத் தோட்டக் கிணறு கெட்டுப்போவதும் இதுதான். கண்ணாடி டம்ளரில் சாயம் கலந்த உப்புத்தண்ணீர் மேல் நல்ல தண்ணீரைக் கரண்டியால் மெதுவாக விட்டு, ரெண்டு அடுக்காக நிற்பதைக் காட்டினோம். அதே டம்ளர் வித்தையை அவர்களும் அங்கே செய்து படம் அனுப்பினார்கள். அவர்கள் அடுக்கு எங்களுடையதைவிடத் தெளிவு.

எலுமிச்சம்பழக் கதையைப் பிள்ளைகள் விடுவதாக இல்லை. நிஜமா, பொய்யா? நான் ஜெர்மனிக் கதையைச் சொன்னேன். டான்யூப் ஆறு ஓரிடத்தில் கோடையில் சுண்ணாம்புக்கல் பொந்துக்குள் காணாமல் போகும். சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஆக் என்ற ஊரில் பெரிய ஊற்று ஒன்று பொங்கும். ரெண்டும் ஒன்றா என்பது சச்சரவு. 1877 அக்டோபரில் க்னோப் என்ற அறிஞர் ஆறு மறையும் இடத்தில் 10 கிலோ பச்சைச் சாயத்தையும், 20 டன் உப்பையும், வாசனைக்கு எண்ணெயையும் கொட்டினார். ஏறக்குறைய 60 மணி நேரத்தில் ஆக் ஊற்று பச்சையாக மின்னியது, கரித்தது, நாறியது. கருங்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு, ரைன் ஆற்றில் சேர்ந்து வடகடலுக்குப் போய்க்கொண்டிருந்தது! அந்தச் சாயமும் நம் ஆட்களின் எலுமிச்சையும் ஒரே யோசனைதான். நிலாவரைக் கதையை முதலில் சொன்னவர் யாராக இருந்தாலும், சோதனை செய்யத் தெரிந்தவர்.

இப்போது எங்கள் கேள்வி இன்னும் சிக்கலாகிவிட்டது. 2009இல் தொடங்கிய தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக் கால்வாயை 2025 பிப்ரவரியில் திறந்துவிட்டார்கள். கன்னடியன் அணைக்கட்டிலிருந்து வெள்ள உபரியை எடுத்து, சுமார் 75 கிலோமீட்டர் ஓட்டி, எங்கள் ஊர்ப் பக்கத்து எம்.எல். தேரியில் கொண்டுவந்து விடும் திட்டம். பொதிகை மழை தேரிக்கு வருகிறது. தேரிக்கு வந்தது எங்கே போகும்? பிள்ளைகள் கால்வாய்த் தண்ணீரையும் எட்டாவது 'கிணறாக' அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். நான் ஓய்வு பெற்றாயிற்று. சனிக்கிழமைக்கு மட்டும் ஓய்வு இல்லை.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு ஒரு தடவை போய்வந்தேன். என் மாணவி என்னைக் கூட்டிக்கொண்டு நேரே போனது நிலாவரைக்கு. ஏழெட்டுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். இரண்டு வருஷமாக எண்களாக மட்டும் தெரிந்த பிள்ளைகள். என் கையில் மீட்டரைக் கொடுத்து, நான் சரியாக அளக்கிறேனா என்று சுற்றி நின்று பார்த்தார்கள். மீட்டரைத் துடைக்காமல் முக்கப் போனேன். "முதல்ல கழுவோணும் ரீச்சர்" என்று ஒரு சின்னவன் கையைப் பிடித்துவிட்டான்.

கிளம்பும்போது ஒரு பெண் பிள்ளை பாவாடையில் பொதிந்து ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தாள். அவர்கள் வீட்டு வேலியில் காய்த்ததாம். "உங்கட ஆயன்குளத்துக் கிணத்துக்க போடுங்கோ. எங்க மிதக்குதெண்டு பாத்துச் சொல்லுங்கோ." பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். திரும்பும்போது நடுக்கடலில் அலை தூக்கிப்போட்டது. தலை சுற்றி, குமட்டி, பக்கத்து இருக்கைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பழத்தை அதில் பிழிந்து குடித்துவிட்டேன்.

இன்னும் ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. போன சனிக்கிழமைகூட அங்கிருந்து கேட்டு வந்தது, "மிதந்திட்டுதா ரீச்சர்?"